கால் முறிந்து படுத்திருப்பவர் ‘வீட்டில் இல்லை’யாம்

“பெறுநர் வீட்டில் இல்லை, டெலிவரி செய்ய இயலவில்லை” என்று இந்த முறை கூரியர் நிறுவனம் எழுதி வைத்திருப்பது யாரைப் பற்றி என்று நினைக்கிறீர்கள்? காலெலும்பு முறிந்து, முழங்காலுக்கு மேல்வரை மாவுக்கட்டுப் போட்டு, வாசலை ஒட்டிய அறையில் கட்டிலைப் போட்டுப் படுத்திருக்கும் ஒரு பெண்மணியைப் பற்றி. அவர் என்னிடம் வாங்கியதே அந்தக் காலை உயர்த்தி வைத்துக்கொள்வதற்கான திண்டுதான். எழுந்து நிற்பதற்கே இன்னொருவருடைய தோள் தேவைப்படுகிறவர், பார்சல் வரும் என்று காத்திருந்த நாளில் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கே போயிருப்பார்? இப்படி ஒரு பதிவைப் போடுவதற்கு முன் அவரைத் தொலைபேசியில் அழைத்திருக்கக் கூடாதா? அவருடைய எண் பெட்டியின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கிறது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். காலையில் டிராக்கிங் பக்கம் “டெலிவரிக்குப் புறப்பட்டது” என்றது. அந்த அம்மையார் கதவைத் தாழிடாமல் வைத்துவிட்டு, மகளையும் வெளியே போக விடாமல் காத்திருந்தார். மதியம் போயிற்று, மாலையும் போயிற்று. ஒருவரும் வரவில்லை, அழைக்கவும் இல்லை. இருட்டிய பிறகு, அந்த நிறுவனத்தின் வண்டிகள் எல்லாம் கிடங்குக்குத் திரும்பியிருக்கும் நேரத்தில், “பெறுநர் வீட்டில் இல்லை” என்ற வரி முளைத்தது. மறுநாளும் அதே கதை, ஏறக்குறைய அதே நேரம், அதே வரி. அதற்கும் அடுத்த நாள் காரணம் மாறியது: “முகவரி முழுமையாக இல்லை.” முகவரி முழுமையாக இல்லையென்றால், அதற்கு முந்தைய நாள்களில் எந்த வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு ஆள் இல்லை என்று எழுதினார்கள்? ஒரே பெட்டி, ஒரே லேபிள், ஒரே முகவரி. இரண்டு காரணங்களும் ஒருசேர உண்மையாக இருக்கவே முடியாது. ஆனால் அந்த நிறுவனத்தின் கணினிக்கு அதில் எந்த முரண்பாடும் தெரியவில்லை. அன்று இரவே “அனுப்பியவருக்குத் திருப்பி அனுப்பப்படுகிறது” என்று போட்டு முடித்துவிட்டார்கள்.

வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்தேன். “அம்மா, சிஸ்டத்தில் பெறுநர் இல்லை என்றுதான் காட்டுகிறது” என்றார் எதிர்முனையில் இருந்தவர். பெறுநருக்குக் கால் முறிந்திருக்கிறது, அவரால் வீட்டை விட்டு நகரவே முடியாது என்று விளக்கினேன். “புரிகிறது அம்மா, ஆனால் எங்கள் பணியாளர் சென்று வந்ததாகப் பதிவாகியிருக்கிறது.” எங்கே சென்று வந்தார்? அவர் கையில் இருக்கும் ஸ்கேன் கருவிக்குத் தான் இருக்கும் இடம் தெரியுமே, அந்தப் பதிவு போடப்பட்ட இடத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். அது உள் பயன்பாட்டுக்கான தகவலாம், வெளியே தர முடியாதாம். அப்படியானால் பெட்டியைத் திருப்பி அனுப்புவதையாவது நிறுத்துங்கள் என்றேன். புகார் எண் ஒன்றைக் கொடுத்து, 48 மணி நேரம் காத்திருக்கச் சொன்னார். நான் காத்திருந்த அந்த நேரத்தில் பெட்டி, பார்சல்களைப் பிரித்து அனுப்பும் மையங்களான ஹப்புகள் ஒவ்வொன்றாகக் கடந்து பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. பிறகு, “உங்கள் புகார் தீர்க்கப்பட்டது” என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. யாருக்கு என்ன தீர்ந்தது என்று கேட்பதற்கு அந்தச் செய்திக்குப் பதில் அனுப்பவும் வழியில்லை.

எனக்கு அந்த டெலிவரி ஊழியர் மேல் பெரிய கோபம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பல நிறுவனங்களில் அவருக்கு மாதச் சம்பளமே கிடையாது. ஒப்பந்தக்காரரின் கீழ், கொண்டு சேர்த்த பார்சல் ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று கூலி வாங்குகிறார். ஒரு நாளில் முடிக்கவே முடியாத சுமையை அவர் வண்டியில் ஏற்றுகிறார்கள். மாலையில் மிஞ்சும் ஒவ்வொரு பெட்டிக்கும் அவர் கருவியில் ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். “நேரம் போதவில்லை” என்று போட்டால் தாமதம் நிறுவனத்தின் கணக்கில் ஏறும், கிடங்கு மேலாளர் அவரைப் பிடித்துக்கொள்வார். “பெறுநர் இல்லை” என்று போட்டால் குற்றம் வாங்கியவர் தலையில் விழும், நிறுவனம் தந்த காலக்கெடுவும் அங்கேயே நின்றுவிடும். மனிதர் எதைத் தேர்ந்தெடுப்பார்? அந்தப் பொய்யைச் சொல்ல வைக்கும் கணக்குமுறையை எழுதியவர்கள்மேல்தான் எனக்கு ஆத்திரம்.

இதனால்தான் நம்மைப் போன்ற சிறு விற்பனையாளர்களால் நம்பகமான கூரியர் எது என்று கண்டுபிடிக்கவே முடிவதில்லை. விற்பனைப் பிரதிநிதி வந்து உட்கார்ந்து, உரிய நேரத்தில் டெலிவரி செய்யும் விகிதம் 98 விழுக்காடு, 99 விழுக்காடு என்று அட்டவணையை நீட்டுகிறார். வாங்குபவர் மேல் பழி போட்டு மூடிய பெட்டிகள் அந்த விகிதத்தில் தோல்வியாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றனவா என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு உடனே தள்ளுபடிக் கட்டணத்துக்குத் தாவிவிடும். நமக்குத் தேவையான எண்ணே வேறு. எந்த அஞ்சல் குறியீட்டுப் பகுதியில், முதல் முயற்சியிலேயே எத்தனை பார்சல்கள் கை மாறின என்பதுதான் நமக்கு வேண்டும். பெட்டியை ஒரு ஹப்பிலிருந்து இன்னொரு ஹப்புக்குக் கொண்டு செல்வதில் பெரும்பாலான நிறுவனங்கள் ஒழுங்காகவே இருக்கின்றன. கடைசிச் சில கிலோமீட்டர்களில்தான் எல்லாம் கெடுகிறது. அந்தக் கடைசிக் கட்டத்தை யார் பார்க்கிறார்கள், சொந்த ஊழியர்களா, ஒப்பந்தக்காரரா, தோற்ற முயற்சிக்குக் கதவின் படமும் இடப் பதிவும் உண்டா, அந்த முயற்சி பொய்யென்று தெரிந்தால் திரும்பி வரும் கட்டணம் யாருடையது என்று கேட்டால், ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கும்வரை தினமும் அழைத்தவர் அதற்குப் பிறகு அழைப்பையே எடுப்பதில்லை.

பல கூரியர்களை ஒரே திரையில் சேர்த்துத் தரும் தளங்களுக்குப் போனால் இந்தத் துன்பம் தீரும் என்கிறார்கள். கட்டணம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் பெட்டி தொலைந்த அன்று கூரியரிடம் கேட்டால், “நீங்கள் எங்கள் வாடிக்கையாளர் அல்ல, தளத்திடம் கேளுங்கள்” என்கிறார்கள். தளத்திடம் கேட்டால், “கூரியரின் பதிலுக்காகக் காத்திருக்கிறோம்” என்கிறார்கள். இப்போதெல்லாம் புதிய கூரியர் ஒன்றைப் பதிவு செய்யும் முன், பெறுநரின் பகுதியில் இருக்கும் அவர்களுடைய கிளையை நானே அழைத்துப் பார்க்கிறேன். எண்ணே தர மறுக்கும் நிறுவனத்துக்கு என் பெட்டியைத் தருவதில்லை. அந்த அம்மையாருக்கு இரண்டாவது திண்டை, கட்டணம் கூடுதல் என்றாலும், அழைத்தவுடன் ஒரு மனிதர் எடுத்துப் பேசிய நிறுவனத்தின் வழியாகத்தான் அனுப்பியிருக்கிறேன். அதற்குள் என் பக்கத்தில் ஒற்றை நட்சத்திரம் விழுந்துவிட்டது. வலியோடு படுத்திருந்தவர் யாரைத் திட்டுவார்? அவருக்குத் தெரிந்த பெயர் என்னுடையது மட்டும்தான்.

இத்தனைக்கும் மேல் பில் வந்து நிற்கிறது, அதைப் படித்தபோதுதான் எனக்கு உடம்பே நடுங்கியது. திண்டின் எடை பெட்டியோடு சேர்த்து 900 கிராம். ஆனால் கூரியர்கள் கன அளவு எடை என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள்: நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000 ஆல் வகுத்து, வருகிற கிலோக் கணக்கு, உண்மையான எடை இரண்டில் எது பெரிதோ அதற்குக் கட்டணம் வாங்குகிறார்கள். வண்டியில் இடம் அடைக்கும் பொருளுக்குக் கூடுதல் கட்டணம் என்பதில் நியாயம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. 40க்கு 30க்கு 20 அளவுள்ள என் பெட்டிக்கு 4.8 கிலோ, அதை 5 கிலோவாக உயர்த்திக் கணக்கிட்டால் கொடுத்துவிட்டுப் போகிறேன். ஆனால் அவர்களுடைய ஹப்பில் மேலே அடுக்கிய சுமையால் பெட்டி நசுங்கிப் பக்கவாட்டில் பிதுங்கியிருக்கிறது. அளக்கும் இயந்திரம் பிதுங்கிய இடங்களையும் சேர்த்து 43, 32, 23 என்று எடுத்து, 6.33 கிலோவை 6.5 ஆக்கிவிட்டது. அவர்கள் நசுக்கியதற்கு நான் கட்டணம் கட்டுகிறேன், அதுவும் போகும் வழிக்கு ஒன்று, பொய்க் காரணத்தோடு திரும்பி வரும் வழிக்கு இன்னொன்று!

இதே பெட்டி தொலைந்திருந்தால் எந்த எடையை எடுத்துக்கொள்வார்கள் தெரியுமா? உள்நாட்டுப் பார்சல்களுக்கு ஒவ்வொரு நிறுவனமும் தன் விதிமுறைகளுக்குள் ஒரு சிறிய இழப்பீட்டு வரம்பைப் புதைத்து வைத்திருக்கிறது. நாடு விட்டு நாடு விமானத்தில் செல்லும் சரக்குக்கு 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை உண்டு. அதன்படி, கூடுதல் கட்டணம் கட்டி மதிப்பைத் தனியாக அறிவிக்காவிட்டால், கிலோவுக்கு இவ்வளவு சிறப்பு எடுப்பு உரிமை (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு) என்ற வரம்புக்குள்தான் இழப்பீடு. அந்த வரம்பு தொடக்கத்தில் 17 ஆக இருந்தது, 2024 டிசம்பர் 28 முதல் 26. ஆனால் அங்கே கணக்கில் வருவது பெட்டியின் உண்மையான எடை. கட்டணம் வாங்கும்போது ஆறரைக் கிலோவாக இருக்கும் திண்டு, இழப்பீடு தரும்போது 900 கிராமாகச் சுருங்கிவிடும். சேதம் என்றால் 14 நாளுக்குள், தாமதம் என்றால் 21 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். அதையும் பெட்டியைப் பெற்றுக்கொண்டவர்தான் தர வேண்டும். ஆனால் அவரிடம் பெட்டியைத் திறக்கும் முன்பே திரையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

எடையை எதிர்த்து ஆட்சேபம் எழுதினேன். ஆட்சேபத்தை ஏற்க வேண்டுமானால், மூன்று பக்கங்களிலும் அளவு நாடாவை வைத்து, லேபிள் தெளிவாகத் தெரியும்படி, அந்தப் பெட்டியின் இப்போதைய நிலையைப் படமெடுத்து ஏழு நாளுக்குள் அனுப்ப வேண்டுமாம். பெட்டி அவர்களுடைய கிடங்கில் கிடக்கிறது. அதை எனக்குத் திருப்பித் தரும் தேதியைக் கேட்டால், அதற்கும் ஒரு புதிய புகார் எண்ணைத் தருகிறார்கள்.