சம்பளத்தோடு 43 நாள் லீவு என்று சிரித்தவர்களுக்கு

சனிக்கிழமை நம் ஒன்றுகூடலில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அங்கே இருந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று தெரியும், வராதவர்களுக்கும் குரூப்பில் வீடியோ வந்துவிட்டது. "அண்ணனுக்கு என்னக்கா, 43 நாள் சம்பளத்தோட லீவு, எல்லாம் எங்க வரிப்பணம்தானே" என்று ஒரு தம்பி சொல்ல, சுற்றி நின்ற பத்துப் பேர் சிரித்தார்கள். அமெரிக்க ஃபெடரல் அரசில் வேலை பார்க்கிற என் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களோடு சேர்ந்து சிரித்தார். அவர் சிரித்த அந்தச் சிரிப்புதான் எனக்கு மூன்று நாளாகத் தூக்கத்தைக் கெடுக்கிறது.

அவருக்கு ஒரு நாள்கூட லீவு இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். பணம் ஒதுக்கப்படாததால் அரசு ஆபீஸ்களை மூடுகிற ஷட்டவுன் தொடங்கிய 2025 அக்டோபர் 1 அன்று காலை ஐந்தரை மணிக்கு எப்போதும் போல டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். அது முடிந்த நவம்பர் 12 அன்றும் அதே மாதிரிதான் போனார். உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு தருகிற வேலை என்று சட்டம் வகைப்படுத்தியிருப்பதில் அவருடைய வேலையும் வரும், அதனால் சம்பளம் இல்லாவிட்டாலும் போய்த்தான் ஆக வேண்டும். அக்டோபர் கடைசியில் வந்த பே-ஸ்லிப்பை நான் பிரின்ட் எடுத்து வைத்திருக்கிறேன். வேலை செய்த மணி நேரம் எல்லாம் வரிசையாக இருக்கிறது, கீழே கைக்கு வரும் தொகை என்ற கட்டத்தில் 0.00 என்று இருக்கிறது. பெட்ரோல், பார்க்கிங் எல்லாம் எங்கள் கைக்காசு. நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பதால், உள்ளூர் நிர்வாகமான கவுண்டி கொடுக்கிற சம்பளம் என்பதால், எங்கள் அடுப்பு எரிந்தது. கணவன் மனைவி இரண்டு பேருமே ஃபெடரல் வேலையில் இருக்கிற வீடுகள் இந்த மேரிலாந்தில் எத்தனையோ இருக்கின்றன, அவர்கள் வீட்டில் எப்படி எரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, இந்தக் கதவை மூடியது யார்? இதைத்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்கப் போகிறேன், சலிப்பாக இருந்தாலும் படியுங்கள். கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவர் மூடவில்லை. பணப்பை இந்த நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் கையில் இருக்கிறது. சட்டம் இயற்றி ஒதுக்காமல் கருவூலத்திலிருந்து ஒரு காசு எடுக்கக்கூடாது என்று அமெரிக்க அரசியலமைப்பின் முதல் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. ஆண்டுக்கு 12 ஒதுக்கீட்டுச் சட்டங்களை அக்டோபர் 1-க்கு முன்னால் நிறைவேற்ற வேண்டியது காங்கிரஸின் வேலை. இப்போதுள்ள பட்ஜெட் முறையை 1974-இல் சட்டம் போட்டுக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு இந்த வேலையை முழுதாக நேரத்துக்கு முடித்தது மொத்தமே நான்கு முறைதான். 1977, 1989, 1995, 1997 நிதியாண்டுகளுக்கு. அவ்வளவுதான். மற்ற எல்லா ஆண்டும் தற்காலிகச் சட்டம், இல்லாவிட்டால் இழுபறி. பள்ளிக்கூடத்தில் என்னிடம் படிக்கிற பிள்ளை இப்படி ஹோம்வொர்க் கொடுத்தால் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுவேன்.

நம் ஊர் நாடாளுமன்றத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது பிடிபடாமல் போவது எனக்குப் புரிகிறது. அங்கே பண மசோதா மக்களவையில் தோற்றால் அரசே கவிழ்ந்துவிடும், புதிதாக ஒருவர் வந்தாக வேண்டும். இங்கே யாரும் கவிழ மாட்டார்கள். அதிபருக்கு நான்கு வருடம், பிரதிநிதிகளுக்கு இரண்டு, செனட்டர்களுக்கு ஆறு என்று தனித்தனியாகக் காலம் எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் முறைத்துக்கொண்டு நின்றால் இரண்டு பேர் நாற்காலியும் அப்படியே இருக்கும், நடுவில் இருக்கிறவன் சம்பளம் போய்விடும். காங்கிரஸ் உறுப்பினருக்கு ஆண்டுக்கு 174,000 டாலர் சம்பளம். ஷட்டவுனிலும் அது நிற்காது, ஏனென்றால் அது வேறு சட்டத்தின் கீழ் வருகிறது.

ஒரு காலத்தில் இப்படி இழுபறி வந்தாலும் ஆபீஸ்கள் திறந்தேதான் இருந்தன, எப்படியும் பணம் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் வேலை நடந்தது. 1980-இல் அன்றைய அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி ஒரு கருத்துரை எழுதினார். 19-ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கிற ஆன்ட்டி டெஃபிஷியன்சி சட்டத்தின்படி, ஒதுக்கீடு இல்லாமல் வேலை வாங்குவதே குற்றம், மூடித்தான் ஆக வேண்டும் என்றார். அன்று முதல்தான் இந்தக் கூத்து. இலவசமாகக்கூட வேலை செய்யக்கூடாது என்கிறது அந்தச் சட்டம். என் வீட்டுக்காரரின் பக்கத்து சீட்காரர் ஃபர்லோவில், அதாவது சம்பளம் இல்லாத கட்டாய விடுப்பில், அனுப்பப்பட்டவர், ஆபீஸ் லேப்டாப்பைத் திறக்கக்கூடாது, மெயில் பார்க்கக்கூடாது என்று எழுத்தில் கொடுத்து அனுப்பினார்கள். மனிதர் வீட்டில் இருப்புக் கொள்ளாமல் தினமும் போன் செய்து "அந்த ஃபைல் என்ன ஆச்சு" என்று கேட்பார், இவர் "அதைப் பற்றி உன்னிடம் பேசவே கூடாது" என்று சொல்லி வேறு பேச்சுக்குத் தாவுவார். இதைத்தான் லீவு என்கிறீர்கள்.

"அதிபர் நினைத்தால் ஒரே கையெழுத்தில் முடித்திருக்கலாமே" என்று வீடியோவுக்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார். முடித்திருக்க முடியாது. செப்டம்பர் 19-ஆம் தேதியே பிரதிநிதிகள் அவை ஒரு தற்காலிகச் சட்டத்தை நிறைவேற்றிவிட்டு ஊருக்குப் போய்விட்டது. செனட்டில் 100 பேரில் 60 பேர் ஒத்துக்கொண்டால்தான் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்கு வர முடியும். ஆளும் கட்சியிடம் 53 பேர்தான். மருத்துவக் காப்பீட்டு மானியத்தை நீட்டித்தால்தான் வாக்களிப்போம் என்று ஜனநாயகக் கட்சி நின்றது, முதலில் திறப்போம், பிறகு பேசுவோம் என்று குடியரசுக் கட்சி நின்றது. அந்தத் தற்காலிகச் சட்டம் செனட்டில் பதினான்கு முறை தோற்றது. அந்த 60 என்ற விதியையே தூக்கிவிடுங்கள் என்று அதிபர் டிரம்ப் தன் கட்சி செனட்டர்களிடம் கேட்டார், அவர்கள் கேட்கவில்லை. தன் கட்சிக்காரர்களையே அவரால் அசைக்க முடியவில்லை என்றால் அது அந்த அமைப்பு கட்டப்பட்ட விதம். கடைசியில் நவம்பர் 10 அன்று செனட்டில் 60-40, 12 அன்று பிரதிநிதிகள் அவையில் 222-209, அன்று இரவே கையெழுத்து.

நடுவில் மூன்றாவது கிளையான நீதித்துறையும் வந்தது, அதை யாரும் பேசவில்லை. அக்டோபர் 10 அன்று நான்காயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களுக்குப் பணிநீக்க நோட்டீஸ் போனது. ஃபர்லோவில் வீட்டில் இருப்பவருக்கு வேலையே இல்லை என்று கடிதம். ஐந்து நாள் கழித்து சான் பிரான்சிஸ்கோவில் ஒரு ஃபெடரல் நீதிபதி தடை போட்டார். அந்த ஐந்து நாளும் என் வீட்டுக்காரர் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து போனைப் பார்ப்பார். நான் தூங்குவது போலப் படுத்திருப்பேன்.

"பாக்கிச் சம்பளம்தான் மொத்தமா வந்துடுச்சே, அப்புறம் என்ன" என்பவர்களுக்கு. ஆமாம், வந்தது. 2019-இல் போட்ட சட்டம் அதைத் தரவேண்டும் என்கிறது. இதற்கு முந்தைய ஷட்டவுன் 35 நாள், அப்போதுதான் அந்தச் சட்டம் வந்தது. ஆனால் இந்த முறை அக்டோபரில் அந்தச் சட்டம் ஃபர்லோவில் இருப்பவர்களுக்குத் தானாகப் பொருந்தாது என்று வெள்ளை மாளிகைப் பக்கமிருந்தே பேச்சு கிளம்பியது, அதை நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள், நாங்கள் வரி வரியாகப் படித்தோம். மார்ட்கேஜ் கம்பெனிக்குப் போன் செய்து நாற்பது நிமிடம் காத்திருந்து, கடிதத்தை அனுப்புங்கள் என்றதும் ஸ்கேன் செய்து அனுப்பி, ஒரு மாதம் தள்ளிக் கொடுங்கள் என்று கேட்டது நான். என் வாழ்க்கையில் கடன்காரரிடம் தவணை சொன்னது அதுதான் முதல் முறை. வந்த பணம் வட்டி இல்லாமல் வந்தது. அந்தப் போனில் நான் பேசிய குரலை யார் திருப்பித் தருவார்கள்?

இன்னொன்று. பாக்கிச் சம்பளம் எல்லோருக்கும் வராது. இவர் கட்டடத்தின் கேன்டீனில் வேலை செய்கிற ஒரு அம்மா எல் சால்வடாரிலிருந்து வந்தவர், இவருக்கு மீன் ஆகாது என்று தெரிந்து வெள்ளிக்கிழமைகளில் தனியாக பீன்ஸ் எடுத்து வைப்பாராம். அவர் கான்ட்ராக்ட் கம்பெனி ஆள். அந்த 2019 சட்டத்தில் கான்ட்ராக்ட் ஆட்களுக்கு ஒரு வரிகூட இல்லை. 43 நாள் கேன்டீன் பூட்டு, 43 நாள் கூலி போனது போனதுதான். நவம்பரில் திறந்ததும் இவர் முதலில் போய் அவரைத்தான் பார்த்தார். திரும்பி வந்து என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"தனியார் கம்பெனியில் லே-ஆஃப் ஆனால் யார் பாக்கி தருவார்கள்" என்று கேட்ட அண்ணனுக்கு. உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. என் சொந்தத் தம்பிக்கே போன வருடம் வேலை போனது, விசா ஓடிக்கொண்டிருக்க அறுபது நாளில் வேறு வேலை தேடினான், அந்த வலியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவனை யாரும் வேலைக்கு வா, சம்பளம் கிடையாது, வராவிட்டால் நடவடிக்கை எடுப்போம் என்று சொல்லவில்லை. இரண்டும் வேறு வேறு வலி. ஒன்றைக் காட்டி இன்னொன்றைச் சிரிப்பாக்க வேண்டாம்.

"அரசாங்க ஆபீஸே மெதுவாகத்தான் நடக்கும், என் கிரீன் கார்டு பத்து வருடமாக நிற்கிறது" என்பதற்கு எல்லாம் நான் நீளமாகப் பதில் சொல்லப் போவதில்லை. கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம்தான் என்று எழுதியது காங்கிரஸ். அதை மாற்ற வேண்டியதும் காங்கிரஸ். உங்கள் ஃபைலை வைத்திருக்கிறவர் அந்த எண்ணை அழித்து எழுத முடியாது. இந்த முறை அக்டோபர் முழுக்க தொழிலாளர் துறை எச்-1பி வேலை விசாவுக்குத் தேவையான எல்சிஏ என்ற விண்ணப்பத்தை வாங்கவில்லை, நம்மில் பலருக்கு வேலை மாற்றம் நின்றது, குரூப்பில் புலம்பினீர்கள். 2018-இல் அந்தத் துறைக்குப் பணம் முன்பே ஒதுக்கியிருந்ததால் அது நிற்கவில்லை, அதனால் அப்போது 35 நாள் மூடியதை நம்மில் யாரும் கண்டுகொள்ளவே இல்லை. நம் வாசலுக்கு வந்தால்தான் தீ என்று தெரிகிறது.

இவர் வேலையில் சேர்ந்த அன்று வலது கையைத் தூக்கி உறுதிமொழி எடுத்தார். நானும் போயிருந்தேன். அந்த உறுதிமொழியில் எந்த அதிபரின் பெயரும் கிடையாது, எந்தக் கட்சியும் கிடையாது. அரசியலமைப்பைக் காப்பேன் என்று மட்டும்தான். இந்த நிலைக்கு வர இந்த நாடு ஒரு அதிபரைப் பலி கொடுத்தது. 1881-இல் ஜேம்ஸ் கார்ஃபீல்டை வாஷிங்டன் ரயில் நிலையத்தில் சுட்டவன், கட்சிக்கு உழைத்ததற்குப் பதவி கேட்டு அலைந்து கிடைக்காத ஆள். இரண்டு வருடத்துக்குள் பெண்டில்டன் சட்டம் வந்தது, தேர்வு வைத்து, தகுதி பார்த்து ஆள் எடுக்க ஆரம்பித்தார்கள். அதிபர் மாறினால் நாலாயிரம் பேர் போல மாறுவார்கள், மீதி இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அப்படியே இருந்து வேலை பார்ப்பார்கள். அவர்களில் பெரும்பாலோர் வாஷிங்டன் பக்கமே வராதவர்கள். நீங்கள் திட்டுகிற "பியூரோகிராசி" என்பது அவர்கள்தான். நீங்கள் ஏறிய விமானத்தைச் சம்பளம் இல்லாமல் இறக்கி விட்டவர்கள். நவம்பர் 7 முதல் 40 விமான நிலையங்களில் விமானங்களைக் குறைத்தபோது எல்லோருக்கும் கோபம் வந்தது, கன்ட்ரோல் டவரில் இருப்பவர் ஒரு மாதமாக எதைச் சாப்பிடுகிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

தம்பி, நீங்கள் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. என் பெரியவள் பிறந்தபோது உங்கள் வீட்டிலிருந்து பத்தியச் சாப்பாடு வந்தது, அதை மறக்கிற ஆள் இல்லை நான். நீங்கள் சிட்டிசன், ஓட்டு இருக்கிறது. இந்த 43 நாளில் உங்கள் பிரதிநிதி ஆபீஸுக்கு ஒரு போன் செய்தீர்களா? நான் பதினோரு முறை செய்தேன். எடுத்த பெண் ஒவ்வொரு முறையும் பெயரும் ஜிப் கோடும் கேட்டு எழுதிக்கொண்டாள், ஆறாவது முறை என் குரல் தெரிந்து "உங்களுடையது எழுதியிருக்கிறேன் மேடம்" என்றாள். கோபத்தைக் காட்ட வேண்டிய இடம் அந்த எண்தான். தட்டோடு நின்றுகொண்டிருந்த மனிதரிடம் இல்லை.

இவருக்கு நான் இதை எழுதுவது பிடிக்காது. "விடு, விளையாட்டுக்குத்தானே சொன்னான்" என்றார். காரில் வரும்போது மட்டும், இனிமேல் சனிக்கிழமைகளில் ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டார்.

நவம்பரில் போட்ட தற்காலிகச் சட்டம் 2026 ஜனவரி 30 வரைக்கும்தான். அப்போது மூன்று ஒதுக்கீட்டுச் சட்டங்கள்தான் முடிந்திருந்தன, ஒன்பது பாக்கி, இவருடைய துறை அந்த ஒன்பதில் இருந்தது. பொங்கல் விழாவுக்கு வருவோம், சர்க்கரைப் பொங்கல் கிண்டுகிறவர்கள் பட்டியலில் இவர் பெயரை நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். அன்றைக்கு யாரும் இவரிடம் லீவைப் பற்றிக் கேட்காதீர்கள்.