உயரமான கன்னு தான் நல்ல கன்னா?

"நர்சரில இருக்கிறதுலயே உயரமான கன்னா பாத்து வாங்குங்க, அதான் சீக்கிரம் மரமாகும்"னு ஒரு மெசேஜ் சுத்திட்டு இருக்கு. அது தப்புங்க.

நெருக்கமா அடுக்கி வெச்சாலோ, நிழல் ஜாஸ்தியானாலோ கன்னு வெளிச்சத்தைத் தேடி சரசரன்னு மேல போயிடும், யூரியாவ அள்ளிப் போட்டாலும் அப்படித்தான் உயரும், ஆனா தண்டு ஒல்லியா நிக்கும், அத வெயில்லயும் காத்துலயும் கொண்டுபோய் நட்டா சாஞ்சிடும், இல்லன்னா இருக்கிற கொஞ்ச வேரால அவ்ளோ இலைக்கும் தண்ணி குடுக்க முடியாம காஞ்சிடும்.

பாக்க வேண்டியது மண்ணை ஒட்டி இருக்கிற தண்டோட தடிமன். உயரத்தை செ.மீ.லயும் தடிமனை மி.மீ.லயும் அளந்து வகுத்துப் பாருங்க, பொதுவா 6-க்குள்ள வந்தா திடமான கன்னு. 90 செ.மீ. உயரம், 6 மி.மீ. தண்டுன்னா 15 வருது, பாக்க தான் அழகு!

வேரும் முக்கியம். ரொம்ப நாள் கவர்லயே கிடந்தா வேர் உள்ளயே வட்டமா சுத்திக்கும், நட்ட அப்புறமும் அது தானா நேராகாது, சில வருஷம் கழிச்சு நல்லா வளந்த மரமே காத்துல சாயலாம்.

அதுக்காக குட்டையா இருக்கிறதெல்லாம் நல்லதுன்னு கிளம்பிடாதீங்க, ஒரே நாள்ல விதைச்ச பாத்தில ரொம்ப பின்தங்கினத நர்சரிக்காரங்களே கழிச்சிடுவாங்க.