ஆராரோ பாடுறவளுக்கு எதுக்கு கவுன்சிலிங்?

சரி, கைக்குழந்தை அம்மாக்களுக்கு தாலாட்டு செஷன் நடத்துற எங்களுக்கும் மனசு விட்டு பேச ஒரு ஏற்பாடு வேணும்னு மீட்டிங்ல ஒருத்தி கேட்ட ஸ்க்ரீன்ஷாட் சுத்துதே, அத பத்தி நானே பேசிடுறேன். இன்பாக்ஸ்ல வந்து "அக்கா அது நீங்களா"ன்னு கேக்குறத நிறுத்துங்கப்பா. ஆமா, நான்தான். ஜூம் மீட்டிங்ல கேட்டதும் நான்தான், "ஆராரோ பாடுறதுக்கெல்லாம் எதுக்கும்மா கவுன்சிலிங்"னு பதில் வாங்கிக் கட்டிக்கிட்டதும் நான்தான். சொன்னவர் பேரு வேணாம், அமைப்பு பேரும் வேணாம். அதுக்கு கீழ சிரிப்பு எமோஜி போட்டவங்க பாதிப் பேரு இங்க என் லிஸ்ட்லயே இருக்கீங்க, நல்லா இருங்க.

அப்படி என்ன கேட்டுட்டேன்? செஷன் முடிஞ்சதும் பாடுற ரெண்டு பேரும் உக்காந்து பேச அரை மணி நேரம், அந்த நேரத்துக்கும் சம்பளம். மாசம் ஒருதடவ இந்த வேலையோட கனம் தெரிஞ்ச வெளியாள் ஒருத்தர்கிட்ட மனசு விட்டு பேச ஒரு ஏற்பாடு. அவ்ளோதான்.

வெளிய நின்னு பாத்தா எங்க வேலை அழகாத்தான் தெரியும். லண்டன்ல ஒரு சில்ட்ரன்ஸ் சென்டர், தரையில பாய், வட்டமா அம்மாக்கள், மடியில கைக்குழந்தைங்க, நடுவுல நான் கிலுகிலுப்பைய ஆட்டிக்கிட்டு. போட்டோ எடுத்தா ஃபண்டிங் ரிப்போர்ட்டுக்கு அட்டைப்படம் ரெடி. ஆனா அங்க வர்றவங்கள்ல நிறைய பேரு ஹெல்த் விசிட்டர் (பிரசவத்துக்கப்புறம் தாயையும் பிள்ளையையும் வந்து பாக்குற நர்ஸ்) எடின்பரோ படிவத்த, அதாவது பிரசவத்துக்கப்புறம் மனச்சோர்வு இருக்கான்னு பாக்குற கேள்வித்தாள, நிரப்பச் சொல்லி, ஸ்கோர் ஏறிப்போய், எங்ககிட்ட அனுப்பி வெச்சவங்க. அதுல 10 கேள்வி. கடைசிக் கேள்வி, உன்னை நீயே காயப்படுத்திக்கணும்னு தோணுச்சாங்கறது. இந்த நாட்டுல பிரசவம் ஆகி ஆறு வாரத்துலேர்ந்து ஒரு வருஷத்துக்குள்ள நடக்குற நேரடி தாய் மரணங்கள்ல (கர்ப்பம், பிரசவம் இதுங்களோட நேரடியா சம்பந்தப்பட்ட சாவுங்க) முதல் காரணம் தற்கொலை. இத நான் பயமுறுத்த சொல்லல, ஆராரோன்னா என்னன்னு சிரிச்சவங்களுக்கு சொல்றேன்.

இதுல இன்னொண்ணு இருக்கு. நாங்க தெரிஞ்ச பாட்ட மட்டும் பாடிட்டு வர்றதில்ல. நியூயார்க்ல கார்னகி ஹால்ங்கற இசை அரங்கம் 2011ல ஆரம்பிச்ச லல்லபி ப்ராஜெக்ட் மாதிரி, அம்மாவோட உக்காந்து அவங்க குழந்தைக்குன்னே புதுசா ஒரு தாலாட்டு எழுதுவோம். எழுதணும்னா முதல்ல கேக்கணும்ல, "பாப்பாகிட்ட என்ன சொல்லணும்னு ஆசப்படுறீங்க"ன்னு? இந்த ஒரு கேள்விக்கு டாக்டர்கிட்ட வராத பதிலெல்லாம் எங்ககிட்ட வரும். டாக்டர்கிட்ட சொன்னா ஃபைல்ல ஏறிடும், சோஷியல் சர்வீஸ் வந்து பிள்ளைய தூக்கிட்டுப் போயிடுமோன்னு பயம். பாட்டுக்காரிகிட்ட என்ன பயம்? கொட்டிடுவாங்க.

ஒரு யாழ்ப்பாணத்துப் பொண்ணு (அடையாளம் தெரியக்கூடாதுன்னு விவரத்த மாத்தியிருக்கேன்) "எனக்கு பிள்ளையத் தூக்கவே மனமில்லை அக்கா, இத பாட்டுல எழுதலாமோ"ன்னு கேட்டுச்சு. பக்கத்துல மாமியார் ஷேக்கர் ஆட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க. நான் அந்த நிமிஷம் சுருதி விடாம பாடணும், சிரிக்கணும், மத்த குழந்தைங்கள பாக்கணும், இத யார்கிட்ட சொல்லணும்னு சட்டம் என்ன சொல்லுதுன்னும் யோசிக்கணும். விதிப்படி செய்ய வேண்டியத செஞ்சேன், அவங்களுக்கு உதவி கெடச்சது, சந்தோஷம். எனக்கு? பாய சுருட்டி வெச்சுட்டு, கீபோர்ட தூக்கிக்கிட்டு பஸ் ஏறினேன். வீட்டுல வந்து என்னன்னு சொல்றது, ரகசியம் காக்கணும்ல, புருஷன்கிட்ட கூட வாயத் திறக்க முடியாது.

என்கூட பாடுற பொண்ணு ஒருத்தி, அவளுக்கு கரு கலைஞ்சு கொஞ்ச நாள்தான் ஆயிருந்தது. லீவு எடுத்தா காசு கிடையாது, நாங்கெல்லாம் ஃப்ரீலான்ஸ். வந்து, அடுத்தவங்க குழந்தைங்க சுத்தி கெடக்க, தாலாட்டு பாடிட்டுப் போனா. யாரும் "நல்லா இருக்கியா"ன்னு கேக்கல. ஃபீட்பேக் ஃபார்ம் மட்டும் கேட்டாங்க.

இந்த ஊர்ல பிஏசிபிங்கற கவுன்சிலர்கள் சங்கத்தோட அங்கீகாரம் உள்ள கவுன்சிலர்னா மாசம் குறைஞ்சது ஒன்றரை மணி நேரம் சூப்பர்விஷன், அதாவது அனுபவம் உள்ள ஒருத்தர்கிட்ட தன் வேலைய பத்தி உக்காந்து பேசுறது, கட்டாயம். மியூசிக் தெரபிஸ்ட்ங்கற பட்டம் எச்சிபிசிங்கற சுகாதாரத் தொழில் கட்டுப்பாட்டு அமைப்புல பதிவு பண்ணவங்களுக்கு மட்டும்தான், அவங்களுக்கும் சூப்பர்விஷன் உண்டு. எங்களுக்கு எதுவும் இல்ல, நாங்க "வெறும் பாட்டுக்காரங்க". உடனே வருவீங்க, "நீ தெரபிஸ்ட் இல்லன்னா அவங்க சொல்றத ஏன் கேக்குற, பாடிட்டு வா"ன்னு. ஐயா, அழுறவங்க கிட்ட போயி "இருங்க, நான் சான்றிதழ் வாங்கிட்டு வந்து கேக்குறேன்"னா சொல்றது?

அப்புறம் "நர்ஸுங்களுக்கே இதெல்லாம் இல்ல". சரி, அவங்களுக்கும் குடுங்க, நானா தடுத்தேன்.

"பட்ஜெட் இல்ல"ங்கறவங்கதான் எனக்கு புடிச்சவங்க. வீடியோ எடுக்க ஆளுக்கு பட்ஜெட் இருக்கு, லோகோ போட்ட துணிப்பைக்கு பட்ஜெட் இருக்கு, எங்கள வெச்சு எத்தன அம்மா சிரிச்சாங்கன்னு எண்ணி ரிப்போர்ட் எழுதுற ஆளுக்கு எங்கள விட அதிக பட்ஜெட் இருக்கு. அந்த 2018 ஆய்வ எல்லா விண்ணப்பத்துலயும் போடுறீங்கல்ல, பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சைக்கியாட்ரில வந்தது, 134 அம்மாக்கள், 10 வாரம், மனச்சோர்வு அதிகமா இருந்தவங்கள்ல பாட்டு குரூப்ல இருந்தவங்களுக்கு அது சீக்கிரமா குறைஞ்சதுன்னு? காசு கேக்கும்போது பாட்டு அவ்ளோ ஆழமா மனசுக்குள்ள போகுதுன்னு நம்புறீங்க. அதே பாட்டு பாடுறவளோட மனசுல மட்டும் ஒட்டாம போயிடுமாக்கும்!

ஹெல்ப்லைன் இருக்கேன்னு ஒருத்தர் லிங்க் அனுப்பினார். மியூசிக் மைண்ட்ஸ் மேட்டர், தெரியும், நல்ல விஷயம், 24 மணி நேரமும் எடுப்பாங்க, வேணும்னா இசைக்கலைஞர்கள் எல்லாரும் நம்பர சேவ் பண்ணிக்கோங்க. ஆனா வேலை குடுக்குறவர் தன் பொறுப்ப ஹெல்ப்லைன் தலையில கட்டிட்டு கெளம்பக்கூடாது. விழுந்தப்புறம் தூக்குறது வேற, நான் கேட்டது விழாம இருக்க.

"கஷ்டமா இருந்தா விட்டுடு"ன்னு சொன்ன அண்ணனுக்கு பதில் சொல்ல வேணாம்னுதான் நெனச்சேன். விட மாட்டேன் அண்ணா. எனக்கு இந்த வேலை புடிக்கும். அழுதுட்டு வந்த பொண்ணு தானே எழுதின பாட்ட தன் குழந்தை முகத்தப் பாத்து பாடுறப்ப பக்கத்துல உக்காந்திருக்கீங்களா நீங்க? அதுக்காகத்தான் இத்தன பேச்சும் கேட்டுக்கிட்டு கெடக்கேன்.

"கூலிக்கு மாரடிக்கிற கூட்டம்"னு வேற ஒரு கமெண்ட். எங்க ஊர்ப்பக்கம் எழவு வீட்ல ஒப்பாரி வைக்க வர்ற ஆத்தாக்களுக்கு கூலி உண்டு, வெத்தல பாக்கு உண்டு, காப்பித்தண்ணி உண்டு, பாடி முடிச்சா உக்கார வெச்சு நாலு வார்த்தை பேசவும் ஆள் உண்டு. லண்டன்ல தாலாட்டு பாடுறவளுக்கு அதுவும் கெடையாது. தாலாட்டுன்னாலே சும்மா வர்றது, பொம்பளைங்க தானா பாடிருவாங்கங்கற நெனப்பு. அம்மாவுக்கும் சம்பளம் கெடையாது, அம்மாவ பாத்துக்குறவளுக்கு அந்த அரை மணி நேரத்துக்கும் கெடையாது, ரெண்டு பேரும் சிரிச்ச மொகமா போட்டோவுக்கு நிக்கணும். இத எழுதும்போதே எரிச்சல் எரிச்சலா வருது.

அடுத்த மாச இன்வாய்ஸ்ல அந்த அரை மணி நேரத்தையும் தனி வரியா போட்டுத்தான் அனுப்பப் போறேன், கூட பாடுறவளும் போடுறேன்னு சொல்லியிருக்கா. வெட்டுறதா இருந்தா வெட்டட்டும், ஆனா எதுக்கு வெட்டினோம்னு எழுத்துல குடுக்கணும்.