டிப்ரஷன் எங்கள் ஊருக்கு முதலில் கடல் வழியாகத்தான் வந்தது

எங்கள் பக்கம் டிப்ரஷன் என்றால் கடலில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், அதாவது மழை. ஐப்பசி பிறந்துவிட்டால் டீக்கடையில் முதல் பேச்சே "டிப்ரஷன் எங்க நிக்குதாம்?" என்பதுதான். மேட்டூரில் தண்ணீர் இல்லாத வருஷம் ஒரு டிப்ரஷன் வராதா என்று காயும் சம்பாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம், அதே டிப்ரஷன் தை மாதம் கதிர் சாயும் நேரத்தில் வந்தால் எழுத முடியாத வார்த்தையில் திட்டுவோம். அந்தச் சொல்லுக்கு மனசோடு ஒரு சம்பந்தம் இருக்கிறது என்பது எங்கள் வீட்டில் கஜா புயலுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே பெரியப்பாவின் தென்னந்தோப்பு. தாத்தா வைத்த மரங்கள். 2018 நவம்பர் 16, விடிந்து போய்ப் பார்த்தால் முக்கால்வாசி தரையில் கிடக்கிறது. பெரியப்பா அழவில்லை. மரம் அறுக்க வந்தவர்களுக்குத் தானே டீ வாங்கிக் கொடுத்தார். தைரியமான ஆள் என்று ஊரே சொன்னது. இரண்டு மாதம் கழித்துத்தான் அவர் அந்தப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார் என்பதைப் பெரியம்மா கவனித்தார். தட்டில் வைத்தால் சாப்பிடுவார், வைக்காவிட்டால் கேட்க மாட்டார். ராத்திரி 3 மணிக்கே எழுந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். கேட்டால் "உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு", அவ்வளவுதான். சுகர், பிரஷர், ஈசிஜி, ஸ்கேன் என்று ஆறு மாதம் அலைந்தோம், எல்லாம் நார்மல். கடைசியில் தஞ்சாவூரில் ஒரு வயதான டாக்டர் அரைமணி நேரம் பேசிப் பார்த்துவிட்டு டிப்ரஷன் என்றார். எங்களுக்குப் புரியட்டும் என்று "மன அழுத்தம்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பெரியப்பா கேட்டார். "ஏன் தம்பி, காத்தழுத்தம் குறைஞ்சாதானே டிப்ரஷன்? எனக்கு அழுத்தம் கூடிப்போச்சுங்கிறாரே டாக்டரு?"

சிரித்துவிட்டேன். ஊர் வந்து சேரும்போது சிரிப்பு போய்விட்டது. மொழிபெயர்த்தவர்கள் கோட்டைவிட்டதை மனுஷன் பஸ்ஸில் வரும்போதே பிடித்துவிட்டார்.

அதற்கப்புறம் தேடிப் படித்ததுதான் இது. அமுக்கித் தாழ்த்துவது என்ற பொருளில் லத்தீனிலிருந்து வந்த சொல் டிப்ரஷன். தரையில் பள்ளம் விழுந்தாலும், 1930களில் உலக வியாபாரம் படுத்தபோதும், கடல்மேல் காற்றழுத்தம் இறங்கினாலும் அதே பெயர்தான். மனசின் நோய்க்கு அதற்கு முன்பு இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாக மெலங்கோலியா என்றார்கள், அதாவது கிரேக்கத்தில் கரும்பித்தம். பித்தம் தலைக்கேறிவிட்டது என்று நாம் சொல்வதற்குக் கிட்டத்தட்ட அண்ணன் தம்பி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மனநல மருத்துவராக இருந்த அடால்ஃப் மேயர், மெலங்கோலியா வேண்டாம், டிப்ரஷன் போதும் என்றார். காரணத்தைத் தெரிந்த மாதிரி பேசாமல் நிலையை மட்டும் சொல்கிறதே என்பது அவர் எண்ணம். அந்த நோயில் விழுந்து எழுந்த எழுத்தாளர் வில்லியம் ஸ்டைரன் 1990-இல் இதற்காக மேயர்மேல் பாய்ந்தார். தரைப் பள்ளத்துக்கும் வியாபார மந்தத்துக்கும் சொல்கிற சப்பைச் சொல்லை வைத்துவிட்டார்களே, இது மூளைக்குள் அடிக்கிற புயலல்லவா என்று. அவர் எங்கள் ஊரில் பிறந்திருந்தால் இந்தப் புகாரே வந்திருக்காது. இங்கே டிப்ரஷன் என்றாலே ஓட்டுக்குமேல் மணல் மூட்டை வைக்கிறவர்கள் நாங்கள்!

தமிழில் நடந்தது வேறு கூத்து. ஸ்ட்ரெஸ் என்பது இரும்பின்மேல் எவ்வளவு பாரம் ஏறுகிறது என்று பொறியாளர்கள் பேசும் கணக்கு. ஹான்ஸ் செலியே 1936 முதல் செய்த ஆராய்ச்சிகளுக்குப் பிறகுதான் அது உடம்புக்கும் மனசுக்கும் பரவலாக வந்தது. அதற்கு மன அழுத்தம் கச்சிதமான தமிழ். ஆனால் பத்திரிகையும் டிவியும் டிப்ரஷனையும் அதே பையில் போட்டுக் கட்டிவிட்டன. மனச்சோர்வு என்று ஒழுங்கான சொல் புத்தகங்களில் இருக்கிறது, யார் சீந்துகிறார்கள்? பாரம் ஏறினால் இறக்கி வைக்கலாம், நாலு நாள் லீவு போடலாம். பெரியப்பாவின்மேல் ஏறி நின்ற பாரம் ஒன்றுமில்லை, உள்ளே இருந்தது இறங்கிப்போயிருந்தது. ஊரில் அதை "மனசு விட்டுப்போச்சு" என்பார்கள். எனக்குத் தெரிந்து டிப்ரஷனுக்கு அதைவிட நல்ல தமிழ் இல்லை.

இப்போது தம்பி தங்கைகள் பஸ்ஸை விட்டால் டிப்ரஷன், ரீசார்ஜ் தீர்ந்தால் டிப்ரஷன். முன்பு எரிச்சலாக வரும். வானிலைக்காரரைப் பாருங்கள், காற்று மணிக்கு 31 கிலோமீட்டரைத் தொடும்வரை தாழ்வுப் பகுதிதான், டிப்ரஷன் என்று வாய் திறக்க மாட்டார். 50 ஆனால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62-இல் புயல். டாக்டர்களும் அப்படி ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் போட்ட கையேட்டிலிருந்து வந்த வழக்கம்: தூக்கம், பசி, களைப்பு என்று நீளும் பட்டியலில் குறைந்தது ஐந்து அறிகுறிகள் இரண்டு வாரம் தொடர்ந்து இருக்க வேண்டும். இப்போதைய ஒன்பது அறிகுறிக் கணக்கில் மனம் தாழ்ந்திருப்பதோ, எதிலும் நாட்டமில்லாமல் போவதோ கட்டாயம். கவனியுங்கள், வருத்தம் இல்லாமலும் அது வரும். அழாத மனிதரைத் தைரியசாலி என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தோமே, அங்கேதான் ஏமாந்தோம்.

ஆனாலும் அந்தப் பிள்ளைகளை இப்போது திட்டுவதில்லை. சொல் மலிந்துபோனதில் எங்கள் வீட்டுக்கு ஒரு லாபம் உண்டு. "பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கிறார்கள்" என்று ஊர் பேசியிருந்தால் பெரியம்மா அவரைத் தஞ்சாவூர் பஸ்ஸில் ஏற்றியே இருக்க மாட்டார். டிவி சீரியலில் வருகிற டிப்ரஷன் என்பதால் பக்கத்து வீட்டிலும் தைரியமாகச் சொன்னார். அவர்களும் "எங்க மச்சானுக்கும் அதேதான்" என்று காபி கொடுத்தார்கள். எனக்குக் கோபமெல்லாம் அழுத்தம் என்று எழுதும் தலைப்புக்காரர்கள்மேல்தான்.

பெரியப்பா இப்போது தோப்புக்குப் போகிறார். புதுக் கன்றுகளில் சிலது பாளை விட்டிருக்கிறது. போன வாரம் போனில் எப்படி இருக்கிறீர்கள் என்றேன். "இன்னைக்குத் தாழ்வுப் பகுதிதான் தம்பி, மண்டலம் ஆகல" என்றார். அப்புறம் உரம் விலைக்குப் பேச்சு போய்விட்டது. வைக்கிற நேரத்தில் பெரியம்மா போனைப் பிடுங்கி, மாத்திரை நாலு நாளைக்குத்தான் வரும், தஞ்சாவூர் போனால் மறக்காமல் வாங்கி வா என்றார்.