மலேரியாவுக்குக் காசு கேட்க ஆள் வேண்டும்

2025 நவம்பரில் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு கூட்டம் நடந்தது. எய்ட்ஸ், காசநோய், மலேரியா மூன்றையும் எதிர்க்கப் பணம் திரட்டும் உலகளாவிய நிதியத்துக்கு, அடுத்த மூன்று வருடத்துக்கு யார் எவ்வளவு தருவோம் என்று நாடுகள் வாக்குக் கொடுக்கும் கூட்டம் அது. நிதியம் கேட்டது 1,800 கோடி டாலர். அந்தக் கூட்டத்தில் தேறியது 1,134 கோடி டாலர். அதற்கு முந்தைய சுற்றில், 2022-ல், 1,570 கோடி டாலர் வாக்குறுதி கிடைத்திருந்தது. நம் பக்கத்து டீக்கடைப் பேச்சிலோ டிவி விவாதத்திலோ இது ஒரு வரி கூட வந்ததாக நான் பார்க்கவில்லை.

மலேரியாவுக்கென்று வெளிநாட்டு உதவியாகப் போகிற பணத்தில் பாதிக்கு மேல் இந்த ஒரு நிதியம் வழியாகத்தான் போகிறது. இன்னொரு பெரிய கை அமெரிக்கா. அவர்கள் 2025 தொடக்கத்திலேயே வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்து, அந்த வருட நடுவில், அந்த உதவியைக் கொடுத்துவந்த யுஎஸ்எய்ட் என்ற அரசு நிறுவனத்தையே மூடிவிட்டார்கள். இதற்கெல்லாம் முன்னால், 2023-லேயே, உலகம் முழுக்க மலேரியாவுக்குத் தேவை என்று கணக்கிட்டது 830 கோடி டாலர். கிடைத்தது சுமார் 400 கோடி. அதே வருடம் மலேரியாவில் செத்தவர்கள் 5 லட்சத்து 97 ஆயிரம் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் ஆப்பிரிக்காவில். அதிலும் பெரும்பாலும் ஐந்து வயதுகூட ஆகாத குழந்தைகள்.

வேலூர்க்காரன் எனக்கு இதில் என்ன வேலை என்று நினைக்கலாம். நான் இந்த மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் லேப் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். காய்ச்சல் என்று வருகிறவரின் இடது கை மோதிர விரலில் குத்தி, ஒரே ஸ்லைடில் ஒரு தடிப்பூச்சு, ஒரு மெல்லிய பூச்சு எடுப்போம். காய்ந்ததும் சிவப்புச் சாயத்தில் ஒரு முக்கு, தண்ணீரில் அலசி நீலச் சாயத்தில் அரை நிமிடம். அப்புறம் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்து, நூறு ஃபீல்டு (லென்ஸில் ஒரு தடவைக்குத் தெரியும் வட்டம்) பார்த்த பிறகுதான் 'நெகட்டிவ்' என்று எழுதலாம். எழுபதாவது ஃபீல்டிலும் ஒன்றும் இருக்காது, எண்பதிலும் இருக்காது. கண் எரியும். வெளியே வரிசை நிற்கும். அப்போது நிறுத்திவிடாமல் மிச்சத்தையும் பார்ப்பதுதான் இந்த வேலை.

காட்பாடி பக்கம் அடுக்குமாடிக் கட்டட வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பையன். இருபது வயது இருக்கும். சென்ட்ரிங் பலகை தூக்குகிறவன். மே மாத வேலூர் வெயிலில் கம்பளி கேட்டான். அவன் ஸ்லைடில், நீலப் புள்ளிகளுக்கு நடுவே, பிறை மாதிரி வளைந்த ஒரு உருவம் தெரிந்தது. ஃபால்சிபேரம். மூளைக்கு ஏறி ஆளைக் கொல்லும் வகை. அன்றைக்கே மாத்திரை ஆரம்பித்தோம், பிழைத்தான். கொசு ஒழிப்புப் பணியாளர்கள் அந்தக் கட்டடத்தில் தேங்கிய தண்ணீரையெல்லாம் கொட்டி, கூட வேலை செய்த அத்தனை பேருக்கும் ரத்தம் எடுத்தார்கள். அந்தத் தெருவில் இன்னொருவருக்குக் காய்ச்சல் வரவில்லை. இது செய்தியில் வராது. எதுவும் நடக்கவில்லை என்பது செய்தி ஆகாது. மலேரியாவுக்குப் பணம் கேட்பதில் உள்ள கஷ்டமே இதுதான்.

நோய் குறைந்தால் 'அதான் குறைஞ்சிடுச்சே, இன்னும் எதுக்கு ஆளு, எதுக்கு மருந்து' என்று கேட்பார்கள். இத்தனை வருடமாக ஏரிக்கரை உடையவில்லையே என்று கரைக்காவலை எடுத்துவிடுகிற மாதிரி. இதை நாம் ஒரு முறை செய்து பார்த்து, அடிபட்டும் இருக்கிறோம். சுதந்திரம் வந்த 1947-ல் இந்தியாவில் வருடத்துக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா, எட்டு லட்சம் சாவு என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். 1953-ல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. 1958-ல் அதையே ஒழிப்புத் திட்டமாக மாற்றினார்கள். அமெரிக்க உதவியில் டிடிடி என்ற கொசு மருந்து வந்தது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள்: மலேரியாக்காரர் வரும் நாளில் பானை சட்டியெல்லாம் வெளியே எடுத்து வைக்க வேண்டும், சுவரெல்லாம் வெள்ளையாக மருந்து அடித்துவிட்டுப் போவார்கள். இன்னொருவர் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வந்து 'காய்ச்சல் யாருக்காவது இருக்கா' என்று கேட்டு, கதவு பக்கத்துச் சுவரில் அச்சடித்த கட்டத்தில் தேதி போட்டுவிட்டுப் போவார். 1965-ல் நாடு முழுக்க ஒரு லட்சம் பேருக்குத்தான் மலேரியா என்ற அளவுக்கு வந்துவிட்டோம்.

அதன்பின் பணம் குறைந்தது, மருந்து நேரத்துக்கு வரவில்லை, கொசுவுக்கும் டிடிடி பழகிப்போனது. 1976-ல் 64 லட்சம் பேர். பதினோரு வருடத்தில் ஒரு லட்சம் 64 லட்சமானது.

இலங்கையின் கதை இன்னும் கொடுமை. 1963-ல் அந்தத் தீவு முழுக்கப் பதினேழே பேருக்குத்தான் மலேரியா. போதும் என்று மருந்து தெளிப்பதை விட்டார்கள். 1968, 69-ல் ஐந்து லட்சம் பேருக்கு மேல் படுத்தார்கள். மறுபடி எழுந்து, போர்க்காலத்திலும் கைவிடாமல் உழைத்து, 2016-ல்தான் மலேரியா இல்லாத நாடு என்ற சான்றிதழ் வாங்கினார்கள். இடையில் போனது அரை நூற்றாண்டு. 2012-ல் வந்த ஓர் ஆய்வு, 1930-கள் தொட்டு 61 நாடுகளில் மலேரியா மீண்டும் தலைதூக்கிய 75 சம்பவங்களை எடுத்துப் பார்த்தது. அதில் 68-க்குக் காரணம், முழுதாகவோ பாதியாகவோ, கட்டுப்பாட்டுத் திட்டம் தளர்ந்ததுதான். தளர்ந்ததற்குப் பெரும்பாலும் காரணம் பணம்.

அதனால்தான் சொல்கிறேன், கணக்கும் கொசுவலையும் மாத்திரையும் மட்டும் போதாது. விடாமல் கேட்க ஆள் வேண்டும். வருடா வருடம், மேடைக்கு மேடை, வெட்கப்படாமல் காசு கேட்கிற ஆள். இந்த விஷயத்தை வேலூரைவிட நன்றாக அறிந்த ஊர் எது என்று எனக்குத் தெரியவில்லை.

ராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்தவர் ஐடா ஸ்கடர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் செத்ததைப் பார்த்துத்தான் டாக்டருக்குப் படிக்கப் போனார் என்பது நம் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அவர் படித்ததோடு நிற்கவில்லை, போய்க் கேட்டார் என்பதைத்தான் நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. அமெரிக்காவில் ஷெல் என்ற ஒரு பெரியவர், இறந்துபோன தன் மனைவியின் பெயரில் பத்தாயிரம் டாலர் கொடுத்தார். 1902-ல் வேலூரில் எழுந்த ஆஸ்பத்திரி அந்தக் காசில் எழுந்ததுதான். பின்னால், அவர் தொடங்கிய சிஎம்சி கல்லூரியில் மருத்துவப் படிப்பை எம்பிபிஎஸ் தரத்துக்கு உயர்த்தியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் கல்லூரிக்கு எதிர்காலம் இல்லை என்ற நிலை வந்தது. எழுபது வயதைத் தாண்டியிருந்தவர் 1941-ல் மறுபடி அமெரிக்கா போனார். உலகப்போர் நடந்த வருடங்கள் அவை. ஊர் ஊராகப் போய்ப் பேசிப் பேசிச் சேர்த்தார். இன்றைக்கு சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கத்துக் காந்தி ரோட்டில் நடந்தால் லாட்ஜ் பலகையெல்லாம் வங்காளத்தில் எழுதியிருக்கிறது, மெஸ்ஸில் மீன் குழம்பு வங்காளிகள் ருசிக்கு வைக்கிறார்கள், ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் ரயிலேறி நோயாளிகள் வந்து இறங்குகிறார்கள். முகம் தெரியாத யாரோ அந்நிய ஊரில் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த காசு, நூறு வருடம் கழித்தும் இப்படி வேலை செய்துகொண்டிருக்கிறது.

ஐடாவின் பேச்சுக்கு எடை வந்தது அவர் கண்ணால் பார்த்தவர் என்பதால். மலேரியாவில் இன்று குழந்தையைப் பறிகொடுக்கும் தாய்க்கு ஜோகன்னஸ்பர்க் மேடையில் இடமில்லை. அவளுடைய எம்பிக்கும் வாஷிங்டனில் குரல் இல்லை. பணம் வைத்திருக்கும் நாடுகளோ மலேரியாவைப் பார்த்தே இரண்டு மூன்று தலைமுறை ஆகிவிட்டது. மலேரியாவையும், அது குறைந்ததையும் பார்த்தவர்கள் நாம்தான். ஜவ்வாது மலையில் ராத் தங்கினால் குளிர்க்காய்ச்சல் வரும் என்று பயந்த கதையும் நம் வீடுகளில் இருக்கிறது, காய்ச்சல்கட்டி விழுந்து, அதாவது மண்ணீரல் பெருத்து, வயிறு வீங்கிய குழந்தைகளைப் பார்த்த பாட்டிகளும் இருந்தார்கள். அதே தமிழ்நாட்டில் இன்று மலேரியா வருடத்துக்குச் சில நூறு பேர் என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. நாடு முழுக்க 2015-ல் 11 லட்சத்துக்கு மேல் இருந்தது 2023-ல் இரண்டேகால் லட்சமாக இறங்கியிருக்கிறது. 'முடியும், செய்து காட்டியிருக்கிறோம், நிறுத்தாதீர்கள்' என்று சொல்ல நம்மைவிடத் தகுதியானவர் யார்?

'அல்லேரி மலைக்கு ரோடு போட வக்கில்லை, ஆப்பிரிக்காவுக்கு அள்ளிக் கொடுக்கணுமா' என்று ஒரு நண்பர் கோபமாகக் கேட்டார். நியாயமான கோபம். 2023-ல் நம் வேலூர் மாவட்டத்து அல்லேரியில் பாம்பு கடித்த குழந்தை ஆஸ்பத்திரி வந்து சேருமுன் இறந்ததையும், உடலைத் தாய் மலைப்பாதையில் சுமந்து நடந்ததையும் மறக்க முடியாது. ஆனால் அந்தச் செய்தி நாடு முழுக்கப் பரவி, ஆளாளுக்குக் கேள்வி கேட்ட பிறகுதானே ரோடு வேலை அசைந்தது? அல்லேரிக்கு வேண்டியிருந்ததும் கேட்கிற ஆள்தான். ஒன்றுக்குக் கேட்டால் மற்றதற்குக் கேட்கக் கூடாது என்று எங்கும் இல்லை.

கொசுவுக்கும் எல்லைக்கோடு தெரியாது. நம் மாடித் தொட்டியிலும் மூடாத கிணற்றிலும் முட்டையிடும் நகரத்து மலேரியாக் கொசு ஒன்று இருக்கிறது, பெயர் அனாஃபிலஸ் ஸ்டீஃபன்சி. தெற்காசியக் கொசு. அது 2012-ல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் தென்பட்டது. அந்த வருடம் அங்கே மலேரியா 27 பேருக்கு. 2020-ல் 73 ஆயிரம் பேருக்கு. இப்போது எத்தியோப்பியா, சூடான், நைஜீரியா வரை போய்விட்டது. அந்தக் கொசுவோடு இத்தனை காலம் மல்லுக்கட்டிய அனுபவம் நம் சுகாதார ஆய்வாளர்களிடம் இருக்கிறது. தொட்டிக்கு மூடி போட வைப்பது, கிணற்றில் கொசுப்புழு தின்னும் கம்பூசியா மீன் விடுவது, வீடு வீடாக ஏறிப் பார்ப்பது. இந்த அறிவையும் நாம் கொடுக்கலாம். அதற்கும் பணம் வேண்டும்.

வியாபாரமாகப் பார்க்கிறவர்களுக்கும் ஒரு விஷயம் இருக்கிறது. ஆப்பிரிக்கக் கிராமங்களுக்குப் போகும் மருந்து தோய்ந்த கொசுவலைகளில் கரூரில் தயாராகிறவை உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் தர அனுமதி பெற்ற வலைகள் அவை. 2023-ல் அனுமதி பெற்ற ஆர்21 தடுப்பூசி புனேயில் தயாராகிறது, ஒரு டோஸ் நான்கு டாலருக்குள். மலேரியா மாத்திரையிலும் இந்தியக் கம்பெனிகளின் பங்கு பெரிது. உலக நிதி வற்றினால் கரூர்த் தறிக்கும் வேலை குறையும். எனக்கு இது இரண்டாவது காரணம்தான். குழந்தைகள் சாகிறார்கள் என்பதே எனக்குப் போதும். ஆனால் இந்தக் காரணத்துக்காக ஒருவர் பேச முன்வந்தாலும் சந்தோஷமே.

சரி, என்ன செய்யலாம்? உலகளாவிய நிதியத்துக்கு இந்தியா 2019-ல் அறிவித்தது 2 கோடியே 20 லட்சம் டாலர். அந்தச் சுற்றுக்கான ஆயத்தக் கூட்டம் டெல்லியில்தான் நடந்தது. நிதியத்திலிருந்து இந்தியா வாங்கியதோ அதைப்போலப் பல மடங்கு. உலகப் பொருளாதாரத்தில் முதல் ஐந்துக்குள் வந்துவிட்டோம் என்று பெருமை பேசுகிற நாடு, இதில் இன்னும் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பது எனக்கு உறுத்துகிறது. நம் வேலூர், அரக்கோணம், திருவண்ணாமலை எம்பிக்கள் இதை நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும். தொகுதி மக்கள் எழுதிக் கேட்டால்தான் அவர்கள் கேட்பார்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் கம்பெனிகளுக்கு ஒரு வேண்டுகோள். சட்டப்படி பெரிய கம்பெனிகள் லாபத்தில் இரண்டு சதவீதம் சமூகப் பொறுப்புக்கு ஒதுக்க வேண்டும். அந்தப் பணத்தை வெளிநாட்டில் செலவு செய்ய விதி அனுமதிக்காது. ஆனால் ஒடிசாவிலும் ஜார்க்கண்டிலும் சத்தீஸ்கரிலும் செலவு செய்யலாம். உங்கள் ஷெட்டில் வேலை செய்யும் பையன்களின் ஊர்கள் அவை. அங்கே கொசுவலைக்கும் காய்ச்சல் பரிசோதனைக் கிட்டுக்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள். ரோட்டரி நண்பர்களே, 1985-லிருந்து போலியோவுக்கு விடாமல் பணம் திரட்டியது உங்கள் அமைப்பு. அந்தப் பழக்கம் கையிலிருக்கும்போதே மலேரியாவையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எம்பிக்கு அனுப்ப ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு பக்கம்தான், தமிழில். இரண்டே கேள்வி: நிதியத்துக்கு இந்தியா தரும் தொகையை எவ்வளவு உயர்த்தப் போகிறீர்கள், 2030-க்குள் மலேரியாவை ஒழிப்போம் என்று சொல்லியிருக்கும் அரசு, நோய் குறைந்த மாவட்டங்களில் லேப் ஆட்களையும் கொசு ஒழிப்புப் பணியாளர்களையும் அதுவரை குறைக்காது என்று உறுதி தருமா. வேண்டும் என்கிறவர்கள் உள்பெட்டியில் கேளுங்கள், அனுப்பி வைக்கிறேன். உங்கள் பெயரும் ஊரும் போட்டு, தபாலிலேயே அனுப்புங்கள்.