செருப்பு இருக்கட்டும், நிழலைப் பாருங்க

நீர்வண்ணத்தில் ஒரு பழைய ரப்பர் செருப்பை யாராவது வரைந்து போட்டால், கீழே வரிசையாக "அப்படியே போட்டோ மாதிரி இருக்கு" என்றுதான் வருகிறது. பாராட்டுதான், ஆனால் வரைந்தவர் பட்ட பாட்டில் பாதி அதில் அடிபட்டுப் போகிறது.

முதலில் வாரின் நிழலைப் பாருங்கள். வார் துளைக்குள் இறங்கும் இடத்தில் நிழல் அதோடு ஒட்டியிருக்கும். வார் வளைந்து மேலே எழ எழ நிழல் விலகும், அதன் ஓரமும் மங்கும். அந்த விலகல் சரியாக விழுந்திருந்தால், கால் நுழையும் இடைவெளி தானாகத் தெரியும். பிசகினால் வார் தட்டையாகப் படுத்துவிடும். அதற்குமேல் எத்தனை பூச்சு பூசினாலும் எழுந்திருக்காது. செருப்பு தரையைத் தொடும் இடத்தில் மெல்லிய அடர்கோடு ஒன்று வேண்டும். அது இல்லாத செருப்பு காற்றில் மிதக்கும்.

அடுத்தது வெள்ளை. தேர்ந்த கைகள் பெரும்பாலும் வெள்ளை வண்ணத்தைத் தொடுவதில்லை, காகிதத்தையே வெள்ளையாக விட்டுவிடுவார்கள். அழுக்கேறிய சாம்பலுக்கு அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் போதும். கூடவே மூன்றாவது, நான்காவது நிறத்தைச் சேர்க்கப் போய்த்தான் பலருக்கும் சேறாகிறது. காய்ந்தால் வெளிறும் என்பதால் ஈரத்தில் சற்று அடர்த்தியாகவே வைக்க வேண்டும்.

ரொம்ப நுட்பமான இடம், விரல்கள் அழுத்தி அழுத்திப் பதிந்த கறை. காகிதம் ஈரமாக இருக்கும்போதே வைத்தால்தான் ஓரம் கரைந்து செருப்பின் தட்டோடு சேரும். ஆனால் ஈர மினுமினுப்பு அடங்கும் நேரத்தில் தண்ணீர் நிறைந்த தூரிகை பட்டால், அந்தத் தண்ணீர் நிறத்தை வெளியே தள்ளி 'காலிஃபிளவர்' என்கிற, ஓரம் நெளிந்த திட்டு விழுந்துவிடும். முழுக்கக் காய்ந்ததா என்று புறங்கையை வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் இன்னும் ஈரம்தான். மெல்லிய தாளில் இந்த விளையாட்டெல்லாம் நடக்காது, நெளிந்துவிடும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) தடிமனான பருத்திக் காகிதம் வேண்டும்.

'போயும் போயும் செருப்பா?' என்று கேட்பவர்களுக்கு: ஜெர்மானிய ஓவியர் ட்யூரர் 1503-இல் வெறும் புல்லையும் களையையும் இதே சிரத்தையோடுதான் வரைந்தார். அந்த ஓவியம் வியன்னாவின் ஆல்பர்ட்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நீல வாரின் மினுக்கத்துக்கு வருவோம். அல்ட்ராமரைன் என்றால் ஈரத் தூரிகையால் ஓரளவு ஒற்றி எடுக்கலாம். தாலோ நீலம் காகிதத்தில் ஊறிவிடும், லேசில் வராது; முன்கூட்டியே இடம் விட்டிருக்க வேண்டும். கடைசி நிமிடத்தில் வெள்ளை ஜெல் பேனாவால் ஒரு புள்ளி வைத்து ஒப்பேற்றினால், என் கணக்கில் ஒரு மதிப்பெண் கட்.