அஞ்சு வயசுக்கு என்ன கவலையா?

அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். "அம்மா, நீ செத்துப்போயிடுவியா?" என்று தேம்புகிற பிள்ளையைப் படம் பிடித்துப் போட்டதே தப்பு. அதன் கீழே "அஞ்சு வயசுல என்ன கவலை, எல்லாம் நடிப்பு" என்று சிரிப்பு வேறு. நேற்றிலிருந்து மனசு ஆறவில்லை.

சின்னப் பிள்ளைக்கும் கவலை வரும். இன்னும் நடக்காததை மனதில் கொண்டுவரத் தெரிந்துவிட்டால் போதும், கவலை வந்துவிடும். கண்ணுக்கு மறைந்தவர் எங்கோ இருக்கிறார் என்பது பிடிபடும் 8 மாத வாக்கில்தான் அம்மா நகர்ந்தாலே அழுகை தொடங்குகிறது. மூன்று நான்கு வயதில் கற்பனை விரியும்போது பேயும் இருட்டும் கூடவே வருகின்றன. செத்தவர் திரும்ப மாட்டார், எல்லோரும் ஒருநாள் சாவார்கள் என்பது பெரும்பாலும் 5 முதல் 7 வயதுக்குள் புரிகிறது. அந்தப் பிள்ளைக்கு அது புரிந்துவிட்டது. அதற்குத்தான் அழுகிறது.

1994-இல் உளவியலாளர் மைக்கேல் வேஸி குழுவினர் 5-6, 8-9, 11-12 வயதுப் பிள்ளைகளின் கவலைகளை ஆராய்ந்தார்கள். எட்டு வயதுக்கு மேல் கவலை கூடுகிறது, என்னென்ன கெடுதல் வரலாம் என்று அடுக்கிப் பார்க்கும் திறனும் கூடுகிறது. "பார்த்தீங்களா, எட்டுக்கு மேலதானே" என்று வருவீர்கள். சின்னவர்களுக்கும் கவலை இருந்தது, அதுவும் உடம்புக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்பதைப் பற்றி. குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமா?

எனக்கு ஆறு வயதில் அப்பாவை மருத்துவமனையில் சேர்த்தார்கள். முந்தின நாள் பொம்மையைப் பிடுங்கி வைத்தார் என்று "நீ போ" என்று கத்தியிருந்தேன். அதனால்தான் அவருக்கு இப்படி ஆயிற்று என்று நம்பினேன். தன் நினைப்பே எதையும் நடத்திவிடும் என்று எண்ணுவது அந்த வயதுச் சிந்தனை, குழந்தைகளின் சிந்தனை வளர்வதை ஆராய்ந்த பியாஜே எழுதியிருக்கிறார். வீட்டில் அது யாருக்குத் தெரியும்? "அவளுக்கு ஒண்ணும் புரியாது, விளையாடட்டும்" என்று என் தலைக்கு மேலேயே பேசிக்கொண்டார்கள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கதவிடுக்கில் போய் நின்றேன். என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

"சொன்னா பயம் கூடும்" என்பார்கள். சில பிள்ளைகளுக்குக் கூடலாம், சரி. சொல்லாவிட்டால்? ஆபத்தைக் கற்பனை செய்யத் தெரிந்த பிள்ளைக்கு, அது நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று எடைபோட இன்னும் தெரியாது. அதைச் செய்து தர வேண்டியவர்கள் நாம். நீங்களோ கேமராவைத் தூக்குகிறீர்கள்.

"ஓவரா உணர்ச்சிவசப்படுறே" என்று உள்பெட்டியில் வந்தவர்களுக்கும் சேர்த்தே கேட்கிறேன். அத்தனை பேர் சிரித்தீர்களே, அம்மா அதற்கு என்ன பதில் சொன்னாள் என்று ஒருவராவது கேட்டீர்களா?